வீப்பிங் வில்லோ வைக்கப் போறீங்களா? குழி தோண்டறதுக்கு முன்னாடி டேப் எடுத்து அளங்க

இங்கிலாந்துல கார்டனோட வீடு வாங்குற நம்ம ஆளுங்க கிட்ட என்ன மரம் வைக்கப் போறீங்கன்னு கேட்டா ஆப்பிள், பேரிக்காய்க்கு அடுத்தபடியா வர்ற பேரு வீப்பிங் வில்லோதான். ஆச்சரியமே இல்ல, கேம்பிரிட்ஜ்ல கேம் ஆத்தங்கரையோரம் இல்லன்னா லண்டன்ல செயின்ட் ஜேம்ஸ் பார்க் குளத்துப் பக்கம் போய் அந்த மரம் கிளையெல்லாம் தண்ணி வரைக்கும் தொங்கவிட்டு நிக்கிறதை ஒரு தடவை பார்த்துட்டா நம்ம வீட்லயும் ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்னு தோணத்தான் செய்யும். எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்ச மரம் இது, அதனாலதான் உட்கார்ந்து இவ்ளோ நீளமா எழுதறேன். ஆனா ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடணும். இந்த மரத்தை வளர்க்குறது ரொம்ப சுலபம், ஒரு குச்சியை ஈர மண்ணுல சொருகினாலே துளிர்த்துடும், கஷ்டம் முழுக்க எங்க வைக்கிறோம்ங்கறதுலதான் இருக்கு. இடம் சரியா அமைஞ்சா வருஷத்துக்கு ரெண்டு நாள் வேலை, அவ்ளோதான். இடம் தப்பாப் போச்சுன்னா பதினஞ்சு இருபது வருஷம் கழிச்சு சுவர் விரிசல், ட்ரெயினேஜ் பைப்பு அடைப்பு, பக்கத்து வீட்டோட சண்டைன்னு வரிசையா வரும். அதனால நடுறது, தண்ணி ஊத்துறதுக்கெல்லாம் முன்னாடி இடத்தைப் பத்திதான் நிறைய பேசப் போறேன், பொறுமையா படிங்க.

முதல்ல எந்த மரம்னு தெளிவாகிடலாம். புத்தகத்துல சாலிக்ஸ் பாபிலோனிக்கான்னு ஒரு பேரு பார்த்திருப்பீங்க, அது நிஜத்துல சீனாவோட வடக்குப் பக்கத்து மரம், செடி கொடிக்கெல்லாம் பேர் வெச்ச விஞ்ஞானி லின்னேயஸ் அது பாபிலோன்ல இருந்து வந்ததுன்னு நம்பி அந்தப் பேரை வெச்சுட்டார். இங்கிலாந்து குளிர்லயும் ஈரத்துலயும் அந்த அசல் சீன மரம் அவ்வளவா செழிக்காது. இன்னிக்கு கார்டன் சென்டர்ல வீப்பிங் வில்லோன்னு விக்கிறது பெரும்பாலும் அதுவும் ஐரோப்பாவோட ஒயிட் வில்லோவும் கலந்த கலப்பின ரகம், லேபிள்ல சாலிக்ஸ் செபுல்க்ராலிஸ் க்ரைசோகோமான்னு போட்டிருக்கும், சில இடத்துல ட்ரிஸ்டிஸ்னும் போடுவாங்க. குளிர்காலத்துல இலை எல்லாம் கொட்டினப்புறம் பார்த்தா இளங்குச்சி எல்லாம் நல்ல மஞ்சளா தங்கக் கலர்ல தெரியும், அதுதான் அடையாளம். கிரிக்கெட் பேட் செய்யுற மரமும் இந்தக் குடும்பம்தான், ஒயிட் வில்லோவுல செருலியான்னு ஒரு வகை, எசெக்ஸ், சஃபோக் பக்கம் ஓடைக் கரையில வரிசையா நட்டு பதினஞ்சு இருபது வருஷத்துல வெட்டுவாங்க. ஆனா தொங்குற வில்லோவுல பேட் வராது, அதை நினைச்சு வைக்காதீங்க.

இடம்

க்ரைசோகோமா நல்லா வளர்ந்தா 15ல இருந்து 20 மீட்டர் உயரம் போகும், அகலமும் கிட்டத்தட்ட அதே அளவு விரியும். சின்ன வயசுல வருஷத்துக்கு ஒரு மீட்டர், ஈரம் நல்லா இருந்தா அதுக்கு மேலயும் ஏறும். இப்போ டேப் எடுத்து உங்க கார்டனை அளந்து பாருங்க. லண்டன்ல சாதாரண செமி டிடாச்ட் வீட்டுப் பின்பக்கம் பத்து மீட்டர் அகலம் இருந்தாலே பெரிசு, மரம் அதைத் தாண்டி ரெண்டு பக்கத்து வீட்டுக்குள்ளயும் போய் நிக்கும்.

மேல தெரியுற கிளையை விட கீழ தெரியாத வேர்தான் முக்கியம். லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்துல 1971ல இருந்து மரவேரால பாதிப்பு வந்த கட்டிடங்களைப் பத்தி ஒரு சர்வே எடுத்தாங்க, அதுல வில்லோவுக்குப் பதிவான அதிகபட்ச தூரம் 40 மீட்டர், எந்த மரத்தையும் விட அதிகம். முக்கால்வாசி கேஸ் 11 மீட்டருக்குள்ள நடந்தது. இந்த 40 மீட்டரைத்தான் இன்சூரன்ஸ்காரங்க இன்னமும் வில்லோவுக்குப் பாதுகாப்பான தூரம்னு சொல்லிட்டு இருக்காங்க. அப்போ 40 மீட்டருக்குள்ள வெச்சா வீடு இடிஞ்சிடுமான்னு பயப்பட வேண்டாம், இது எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரி இல்ல, களிமண்தான் இதுல பெரிய ஆபத்து.

எப்படின்னு சொல்றேன். லண்டன் களிமண் தண்ணி இருந்தா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். வில்லோ கோடையில ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான லிட்டர் தண்ணியை உறிஞ்சுற மரம், பக்கத்துல குளமோ ஆறோ இல்லன்னா அந்தத் தண்ணியை உங்க அஸ்திவாரத்துக்கு அடியில இருக்குற களிமண்ல இருந்துதான் எடுக்கும். மண் சுருங்குது, அஸ்திவாரத்தோட ஒரு மூலை மட்டும் கீழ இறங்குது, ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு விரிசல் கிளம்புது. மேல அகலமா கீழ குறுகலா, கோடை முடியுறப்போ பெருசாகி குளிர்காலத்துல மறுபடி கொஞ்சம் மூடிக்கிற விரிசல் இருந்தா மரத்து மேல சந்தேகப்படலாம். 1976ல பெரிய வறட்சி வந்தப்போ இப்படி எக்கச்சக்கமான வீடு இறங்கிச்சு, அப்புறம் 2018, 2022 கோடையிலயும் க்ளெய்ம் எகிறிச்சு, 2022 ஜூலை 19ல லிங்கன்ஷயர் கோனிங்ஸ்பில 40.3 டிகிரி அடிச்சதே, அந்த வருஷம்தான். ஹாரோ, வெம்ப்ளி, பார்னெட்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்குற வடமேற்கு லண்டன் முழுக்க இந்தக் களிமண்தான், அங்க வீட்டுப் பக்கத்துல இந்த மரத்தை வைக்கவே வைக்காதீங்கன்னு அடிச்சு சொல்வேன்.

உங்க மண்ணு என்னன்னு தெரிஞ்சுக்க லேப் எல்லாம் வேண்டாம். ரெண்டடி தோண்டி அடி மண்ணு ஒரு பிடி எடுத்து ஈரமாக்கி உருட்டுங்க, மெலிசா நீட்டி வளைச்சு மோதிரம் மாதிரி ஒட்ட வைக்கும்போது ஒடையாம நின்னுச்சுன்னா, விரலால தேய்ச்சா பளபளன்னு மின்னுச்சுன்னா அது கனமான களிமண். உதிர்ந்து போச்சுன்னா மணலோ, லோம்னு சொல்ற கலப்பு மண்ணோ. பிரிட்டிஷ் ஜியாலாஜிக்கல் சர்வேயோட மேப்பும் இணையத்துல இலவசமா இருக்கு, போஸ்ட்கோடு போட்டா உங்க ஏரியாவுல அடியில என்ன இருக்குன்னு காட்டும். ரெண்டையும் சேர்த்துப் பாருங்க.

அடுத்தது ட்ரெயினேஜ் பைப்பு. வில்லோ வேர் நல்லா இருக்குற பைப்பை உடைச்சுக்கிட்டு உள்ள போகும்னு ஒரு பேச்சு இருக்கு, அப்படி இல்ல, ஆனா பழைய மண் பைப்புல ஜாயின்ட்ல சிமென்ட் உதிர்ந்து ஒரு தலைமுடி அளவு கசிவு இருந்தா போதும், அந்த ஈரத்தைத் தேடி வந்து நுழைஞ்சிடும். மேன்ஹோல் மூடியைத் தூக்கிப் பார்த்தீங்கன்னா லேசான சிவப்பு கலந்த மெல்லிசு வேர் பைப்பு வாய் முழுக்க அடைச்சுக்கிட்டு சடை மாதிரி தொங்கும், நுனியெல்லாம் ரோஸ் கலர்ல இருக்கும், கையில பிடிச்சு இழுத்தா முழு நீளத்துக்கு வரும். விக்டோரியா காலத்து வீடு, 1930கள்ல கட்டின வீடுன்னா இந்த மண் பைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். நடுறதுக்கு முன்னாடி ஒரு கேமரா சர்வே பண்ணிக்கிறது நல்லது. ரெண்டு வீட்டுக்கும் பொதுவா போற பைப்பு 2011 அக்டோபர்ல இருந்து தண்ணி கம்பெனி பொறுப்பு, உங்க வீட்டுக்கு மட்டும் போற பைப்பு உங்க எல்லைக்குள்ள இருக்குற வரைக்கும் உங்க செலவு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. கிராமப்புறத்துல செப்டிக் டேங்க் இருக்குற வீடுன்னா அந்த டேங்குல இருந்து தண்ணி மண்ணுல இறங்குற பகுதிக்குப் பக்கத்துல வில்லோ வைக்கிறது அந்த சிஸ்டத்தையே நாசம் பண்ணிடும்.

சரி, அப்போ யாருக்குத்தான் இந்த மரம்? கார்டன் கடைசியில ஓடையோ குளமோ இருக்கு, வீட்டுல இருந்து, பக்கத்து வீட்டுல இருந்தும்தான், தூரம் நிறைய இருக்கு, வருஷம் பூரா சொத சொதன்னு வேற எதுவும் வளராத ஒரு மூலை இருக்கு, அவங்களுக்கு இதை விட அழகான மரம் கிடையாது. குறைஞ்சது அரை ஏக்கராவது இருக்கணும்ங்கறது என்னோட கணக்கு. வெயில் நல்லா விழுற இடமா இருக்கணும், மேல கரன்ட் கம்பி போகக் கூடாது. ரப்பர் ஷீட் போட்டு செஞ்ச செயற்கைக் குளம்னா பக்கத்துல வைக்காதீங்க, இலையும் குச்சியும் விழுந்து தண்ணி கெட்டுப் போகும், வேரும் ஷீட்டுக்கு நல்லதில்ல. இயற்கையான குளம், ஆறுன்னா கவலை இல்ல, வேர் கரையைப் பிடிச்சு மண் அரிக்காம பார்த்துக்கும்.

சின்ன கார்டன்காரங்களுக்கு

மனசு ஒடஞ்சு போக வேண்டாம், உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு, கில்மார்னாக் வில்லோ. ஸ்காட்லாந்துல ஏர் ஆத்தங்கரையில 19ஆம் நூற்றாண்டுல கண்டுபிடிச்ச ஒரு தொங்குற கோட் வில்லோ, கில்மார்னாக் ஊர் நர்சரிக்காரர் ஒருத்தர் வித்துப் பரப்பினதால அந்தப் பேரு. நேரா நிக்கிற ஒரு தண்டு மேல ஒட்டு கட்டி விப்பாங்க, ஒட்டு போட்ட உயரத்துக்கு மேல பெருசா வளராது, ஒண்ணரை ரெண்டு மீட்டர்ல நின்னுடும், கிளை மட்டும் குடையா விரிஞ்சு தரை வரைக்கும் வரும். மார்ச் மாசம் இலை வர்றதுக்கு முன்னாடியே வெள்ளிக் கலர்ல மெத்து மெத்துன்னு கேட்கின்ங்கற பூங்கொத்து வந்து அப்புறம் மஞ்சத் தூளா மாறும், அந்த சமயத்துல தேனீக்கு வேற சாப்பாடு அதிகம் கிடைக்காது, வெயில் அடிக்கிற மதியம் பக்கத்துல நின்னா மரம் முழுக்க ரீங்காரம் கேட்கும். பெரிய தொட்டியிலயும் வைக்கலாம், 45 சென்டிமீட்டருக்குக் குறையாத தொட்டி, ஜான் இன்னஸ் நம்பர் 3 மண் கலவை, கோடையில தினமும் தண்ணி.

இதுக்கு ரெண்டே பராமரிப்புதான். ஒண்ணு, ஒட்டுக்குக் கீழ தண்டுல இருந்தும் தரையில இருந்தும் நேரா மேல நோக்கி துளிர் வரும், அது அடிமரத்தோட துளிர், விட்டா மேல இருக்குற ஒட்டை அமுக்கிட்டு அதுவே மரமாகிடும், பார்த்த உடனே கையால கிழிச்சு எடுத்துடுங்க. ரெண்டு, குடைக்கு உள்ள குனிஞ்சு பார்த்தீங்கன்னா காய்ஞ்ச குச்சியா அடைஞ்சு கிடக்கும், பூ முடிஞ்சதும் ஏப்ரல் வாக்குல அந்தக் காய்ஞ்சதை எல்லாம் எடுத்துட்டு ஒண்ணு மேல ஒண்ணு கிடக்குற கிளையில பாதியைக் கழிங்க. பெரும்பாலான வீட்டுல இதைச் செய்யாம விட்டுத்தான் அஞ்சாறு வருஷத்துல மரம் பாதி செத்து நிக்குது.

இது பிடிக்கலன்னா யங்ஸ் வீப்பிங் பிர்ச்னு ஒண்ணு, வில்லோ இலை மாதிரியே வெள்ளி இலையோட தொங்குற பேரிக்காய் மரம் ஒண்ணு இருக்கு, ரெண்டுமே நடுத்தர கார்டனுக்கு அடங்கும்.

நடுறது

இலை இல்லாத காலத்துல, நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள நடுங்க. அந்த சமயத்துல பேர் ரூட்னு மண்ணே இல்லாம வேரோட மட்டும் விப்பாங்க, விலையும் கம்மி, பிடிக்கிறதும் நல்லா பிடிக்கும். பெரிய மரமா வாங்கி வெச்சா சீக்கிரம் பெருசாகிடும்னு மூணு நாலு மீட்டர்ல வாங்குறவங்க இருக்காங்க, தேவையே இல்ல, ஒண்ணரை மீட்டர் கன்னு வெச்சா நாலஞ்சு வருஷத்துல அதையே தாண்டிடும், காத்துக்கும் நல்லா தாங்கும். பேர் ரூட் வந்த உடனே ஒரு மணி நேரம் பக்கெட் தண்ணியில வேரை ஊற வைங்க, வெயில்லயோ காத்துலயோ வேர் காய விடாதீங்க. தொட்டியில வாங்குறதா இருந்தா கடையிலயே லேசா உருவிப் பாருங்க, வேர் வட்டமா சுத்தி சுத்தி இறுகிப் போயிருந்தா வேற கன்னு எடுங்க.

குழி வேர் உருண்டை எவ்ளோ ஆழமோ அவ்ளோதான் ஆழம், அகலம் மட்டும் ரெண்டு மூணு மடங்கு. தண்டு வேரா விரியுற இடம் மண் மட்டத்துல தெரியணும், அதைப் புதைச்சுட்டா தண்டு அழுகும். குழிக்குள்ள காம்போஸ்ட் போட்டு நிரப்புற பழக்கம் இங்க ரொம்பப் பேருக்கு இருக்கு, வேண்டாம், வேர் அந்த சொகுசான மண்ணுக்குள்ளயே சுத்திக்கிட்டு வெளிய போகாது, எடுத்த மண்ணையே போட்டு மிதிச்சு விடுங்க. களிமண்ணா இருந்தா குழியோட சுவர் வழவழன்னு ஆகிடும், ஃபோர்க்கால குத்தி விடுங்க. மண் உறைஞ்சிருக்கும்போது நட வேண்டாம். குச்சி கட்டுறது மரத்தோட உயரத்துல மூணுல ஒரு பங்கு இருந்தா போதும், மேல் பாகம் காத்துல ஆடணும், ஆடினாத்தான் தண்டு தடிக்கும். ரெண்டாவது வருஷம் கட்டை அவுத்துடுங்க, கட்டின பட்டி தண்டுக்குள்ள பதிஞ்சு கழுத்தை நெரிச்ச மாதிரி நிக்கிற மரம் எத்தனையோ பார்த்திருக்கேன்.

சுத்தி ஒரு மீட்டர் வட்டத்துக்கு புல்லை எடுத்துட்டு அஞ்சாறு சென்டிமீட்டர் மரப்பட்டைத் தூள் போடுங்க, தண்டைத் தொடாம. இந்த வட்டம் அலங்காரத்துக்கு இல்ல, சின்ன மரத்துக்கு வர்ற தண்ணியை புல்லு குடிச்சிடும், அதோட புல்வெட்டி மெஷின் இடிச்சு பட்டை உரிஞ்சு சாகுற கன்னு நிறைய.

தண்ணிதான் முதல் ரெண்டு கோடையில உயிர். வாரத்துக்கு ஒரு தடவை மூணு நாலு பக்கெட் மெதுவா ஊத்துங்க, தினம் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிறது மேல் மண்ணோட நின்னுடும். இலை மஞ்சளாகி ஜூலையிலயே கொட்டுதுன்னா பெரும்பாலும் தண்ணி பத்தலைன்னு அர்த்தம். ஓடைக்கரையில வெச்சவங்களுக்கு இந்தக் கவலை இல்ல. உரம் எந்தக் காலத்துலயும் வேண்டாம், ஏற்கனவே வேகமா வளர்ற மரத்துக்கு உரம் போட்டா கிளை நீளும், பலம் இருக்காது, முதல் புயல்லயே முறியும்.

வெட்டி வடிவம் கொண்டு வர்றது

தொங்குற மரத்துக்கு உயரம் தானா வராது, நாமதான் ஏத்தணும், இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. இளம் கன்னுல இருக்குறதுலயே நேரா, தடியா இருக்குற ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்து நீளமான மூங்கில் குச்சியில நேரா கட்டி விடுங்க, போட்டிக்கு வர்றதை வெட்டிடுங்க, ரெண்டரை மூணு மீட்டர் போன அப்புறம் விட்டுடுங்க, அங்க இருந்து அது பாட்டுக்கு தொங்கும். அடிப்பாகத்துல வர்ற கிளையை ஒரே வருஷத்துல மொட்டை அடிக்காம ரெண்டு மூணு குளிர்காலத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுங்க, தண்டு தடிக்க அந்தச் சின்னக் கிளை உதவும்.

பெரிசானப்புறம் பிப்ரவரி வாக்குல, துளிர்க்கறதுக்கு முன்னாடி, காய்ஞ்சது, ஒடஞ்சது, ஒண்ணோட ஒண்ணு உரசுறது மட்டும் எடுத்தா போதும். கிளை தண்டுல சேர்ற இடத்துல ஒரு சின்ன வீக்கம் இருக்கும், அதுக்கு வெளிய வெட்டுங்க, காயத்துக்கு பெயின்ட் அடிக்க வேண்டாம், மரமே மூடிக்கும். தரையில புரளுற நுனியை எப்போ வேணா கத்தரிக்கலாம், குழந்தைங்க இருக்குற வீட்டுல மட்டும் ஒரு பக்கம் தரை வரைக்கும் விட்டு வைங்க, உள்ள போய் ஒளிஞ்சுக்கறதுக்கு அதை விட நல்ல இடம் கிடையாது.

ஏற்கனவே பெரிய மரம் இருக்குற வீட்டை வாங்கினவங்க என்ன செய்றது? வில்லோ எவ்ளோ வெட்டினாலும் துளிர்க்கிற மரம், அதனால உச்சியை சுருக்கி ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்துல திரும்ப வெட்டிக்கிட்டே வந்தா இலை அளவு கட்டுக்குள்ள இருக்கும், குடிக்கிற தண்ணியும் குறையும். ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது, ஏன்னா வெட்டின இடத்துல வர்ற புதுக் கிளை ஒட்டு பலமில்லாம நிக்கும், பத்து வருஷம் விட்டா கனம் தாங்காம கிழிஞ்சு விழும். இந்த வேலையை ஏணி போட்டு நீங்களே செய்யாதீங்க, இன்சூரன்ஸ் இருக்குற ட்ரீ சர்ஜனைக் கூப்பிடுங்க, கதவைத் தட்டி சீப்பா வெட்டித் தரேன்னு வர்றவங்க கிட்ட மாட்டிக்காதீங்க.

வெட்டறதுக்கு முன்னாடி கவுன்சில் வெப்சைட்ல அந்த மரத்துக்கு ட்ரீ ப்ரிசர்வேஷன் ஆர்டர் இருக்கான்னு கட்டாயம் பாருங்க, இருந்தா உங்க நிலத்துல நிக்கிற மரமா இருந்தாலும் அனுமதி இல்லாம கை வைக்க முடியாது, மரத்தையே அழிச்சுட்டா அபராதத்துக்கு உச்ச வரம்பே கிடையாது. கன்சர்வேஷன் ஏரியாவா இருந்தா ஆறு வாரம் முன்னாடி எழுதித் தெரிவிக்கணும். மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பறவை கூடு கட்டுற காலம், கூடு இருக்கும்போது வெட்டுறது 1981 வனவிலங்குச் சட்டப்படி குத்தம். பக்கத்து வீட்டுக் கிளை உங்க பக்கம் வந்தா எல்லை வரைக்கும் வெட்ட உரிமை இருக்கு, ஆனா வெட்டின கிளை அவங்க சொத்து, வேணுமான்னு கேட்கணும். அதெல்லாம் சட்டம், அதுக்கு முன்னாடி ஒரு டீ போட்டுக் கொடுத்து பேசிப் பாருங்க.

நோய், பூச்சி

ஆந்த்ரக்னோஸ்னு ஒரு பூஞ்சை, க்ரைசோகோமாவுக்கு இது ரொம்பப் பிடிச்ச நோய். மழை நிறைய பெய்யுற வசந்தத்துல இலையில சின்னச் சின்ன பிரவுன் புள்ளி வந்து இலை சுருண்டு மே ஜூன்லயே கொட்டும், குச்சியில கறுப்பா புண் தெரியும். பார்க்க மரம் செத்த மாதிரி இருக்கும், சாகாது, வெயில் வந்ததும் மறுபடி துளிர்க்கும். வீட்டுத் தோட்டக்காரங்க அடிக்கிறதுக்கு மருந்தும் இல்ல, அவ்ளோ பெரிய மரத்துக்கு அடிக்கவும் முடியாது, கொட்டின இலையைக் கூட்டி எடுத்துடுங்க, புண் வந்த குச்சியை எட்டுற அளவுக்கு வெட்டிடுங்க, போதும்.

ஆகஸ்ட்டுக்கு அப்புறம் மரத்தடியில குளவி கூட்டமா சுத்துதுன்னா தண்டைக் கிட்டப் போய்ப் பாருங்க. ஜயன்ட் வில்லோ ஏஃபிட்னு அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல பெருசா, சாம்பல் பிரவுன் கலர்ல, நடு முதுகுல சுறா மீன் துடுப்பு மாதிரி கூரா ஒரு முள்ளோட, பட்டை தெரியாத அளவுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும். கையைக் கிட்ட கொண்டு போனா அத்தனையும் ஒரே நேரத்துல பின்னங்காலைத் தூக்கி ஆட்டும். நசுக்கினா விரல் ஆரஞ்சு சிவப்பா கறை ஆகும். அது விடுற தேன் மாதிரி பிசுபிசுப்புக்குத்தான் குளவி வருது. மரத்துக்கு பெரிய கெடுதல் இல்ல, கீழ கார் நிறுத்தாதீங்க, துணி காயப் போடாதீங்க, எட்டுற இடத்துல ஹோஸ் பைப்பால வேகமா அடிச்சு விட்டா போதும். இலையில சிவப்பு பீன்ஸ் விதை அளவுக்கு வீக்கம் வந்தா அது சாஃப்ளைங்கற பூச்சியோட புழு உள்ள இருக்குற வீக்கம், அதைக் கண்டுக்காம விடலாம்.

நிஜமா பயப்பட வேண்டியது ஹனி ஃபங்கஸ். இலையுதிர் காலத்துல அடிமரத்துக்கிட்ட தேன் கலர்ல காளான் கொத்து வந்து, பட்டையை உரிச்சா உள்ள வெள்ளையா தோல் மாதிரி படலம் இருந்து காளான் வாசனை அடிச்சா ஒரு நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க.

வெட்டி எடுத்துடலாமேன்னு நினைக்கிறவங்களுக்கு

வீட்டுக்குப் பக்கத்துல பழைய பெரிய வில்லோ நிக்குது, பயமா இருக்குன்னு ஒரே நாள்ல அடியோட வெட்டிடாதீங்க. களிமண்ல வருஷக்கணக்கா அந்த மரம் உறிஞ்சிட்டு இருந்த தண்ணி இப்போ மண்ணுலயே தங்கும், மண் உப்பி அஸ்திவாரத்தை மேல தூக்கும், இதுக்கு ஹீவ்னு பேரு, இறங்குறதை விட இது மோசம். முக்கியமா மரத்துக்கு அப்புறம் வந்த வீடுன்னா, காய்ஞ்சு சுருங்கின மண் மேல கட்டினதுதான் அது. விரிசல் கண்ணுல பட்ட உடனே முதல்ல இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லுங்க, சப்சிடன்ஸுக்கு, அதாவது வீடு இறங்குறதுக்கு, வழக்கமா 1,000 பவுண்ட் நம்ம கையில இருந்து கட்ட வேண்டியிருக்கும், மிச்சம் அவங்க பார்த்துப்பாங்க, இன்ஜினியர் வந்து அளந்து எவ்ளோ வெட்டணும், எப்போ வெட்டணும்னு சொல்றதைக் கேட்டுச் செய்ங்க.

குச்சியில இருந்து புதுசு

இடம் இருக்குறவங்க கன்னு காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவுல தெரிஞ்சவங்க மரத்துல இருந்து பென்சில் தடிமன்ல, 25ல இருந்து 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு அந்த வருஷம் வளர்ந்த குச்சியா வெட்டிக்குங்க. அடி நேராவும் நுனி சாய்வாவும் வெட்டினா எது மேல எது கீழன்னு குழப்பம் வராது. மூணுல ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள போகுற மாதிரி சொருகி சுத்தி மிதிச்சு விடுங்க, வேர் ஹார்மோன் பவுடர் எதுவும் தேவையில்ல, வில்லோ குச்சியிலயே அந்தச் சத்து இருக்கு. குச்சியை ஒரு நாள் தண்ணியில ஊற வெச்சு அந்தத் தண்ணியை மத்த செடிக் குச்சி வேர் பிடிக்க ஊத்துறவங்களும் இருக்காங்க. வில்லோ பட்டையைப் பொடி பண்ணி காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்து சிப்பிங் நார்ட்டன் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன் 1763ல ராயல் சொசைட்டிக்கு எழுதினார், ஆஸ்பிரினோட கதையில இது ஒரு முக்கியமான படி. குழந்தைங்களுக்குக் காட்டணும்னா ஜன்னலோரம் ஒரு கண்ணாடி ஜாடித் தண்ணியில ரெண்டு குச்சி வைங்க, ரெண்டு வாரத்துல ரோஸ் கலர்ல வேர் விடுறது தெளிவா தெரியும்.

இந்தக் குச்சியை சூட்கேஸ்ல போட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்பாங்க. கூடாது, செடி எதுவா இருந்தாலும் இந்தியாவுக்குள்ள கொண்டு போக இம்போர்ட் பர்மிட், பைட்டோசானிட்டரி சர்ட்டிஃபிகேட் எல்லாம் வேணும், இல்லாம எடுத்துட்டுப் போறது சட்டப்படி தப்பு, நோயும் சேர்ந்து போகும். தவிர குளிர்காலத் தூக்கம் இல்லாம தமிழ்நாட்டுச் சமவெளியில இந்த க்ரைசோகோமா சிறக்காது. தொங்குற வடிவம்தான் வேணும்னா அங்க நெட்டிலிங்கம் வைங்க, அந்த வெயிலுக்கு அதுதான் சரி.

சொருகின குச்சிங்க ஏப்ரல்ல துளிர்க்கும், முதல் கோடையிலயே ஒரு மீட்டர் கிட்ட போயிடும். களையை மட்டும் எடுத்து, காய விடாம தண்ணி ஊத்திட்டு வாங்க. அடுத்த குளிர்காலத்துலயே தோண்டி எடுத்து நிரந்தர இடத்துல நட்டுடுங்க, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னு விட்டீங்கன்னா வேர் அவ்ளோ தூரம் ஓடியிருக்கும், முழுசா எடுக்க முடியாது.